சென்னியப்பன் திறந்து பார்க்காத வாய்

பிரம்மதேவனுக்கே பல் விஷயத்தில் ஒரு சந்தேகம் வந்தால் சேந்தமங்கலத்துக்கு மேற்கே சென்னியப்பன் தோட்டத்துக்குத்தான் ஆள் அனுப்புவான். உலகம் தோன்றிய நாளிலிருந்து விழுந்த பல்லையெல்லாம் கூட்டி அள்ளிக் கொல்லிமலை உயரத்துக்குக் குவித்து வைத்தாலும் சரி, தானாக விழுந்தது எது, பிடுங்கியது எது, உதை வாங்கி உதிர்ந்தது எது என்று பொழுது சாய்வதற்குள் மூன்று குவியலாகப் பிரித்துப் போட்டுவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். சீமையில் பல்லுக்கென்றே படித்த டாக்டர்கள் இருக்கிறார்களாம். இவரைப் பார்க்காமல் படித்த படிப்பு என்ன படிப்போ.

சென்னியப்பன் வைத்தியர் அல்ல. நாலு ஏக்கர் மேட்டுக்காடு, ஒரு கிணறு, ஒரு ஜோடி மாடு, இவ்வளவுதான் அவர். ஆனால் புதன்கிழமை கூடும் மாட்டுச் சந்தையில் அவர் கை வைக்காத வாய் கிடையாது. காளையின் கீழுதட்டை இடது கைப் பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்துவார். கீழே எட்டு முன்பல் தெரியும். மாட்டுக்கு மேலே முன்பல் இல்லை. எட்டும் சின்னச் சின்னதாகப் பால் நிறத்தில் இருந்தால் அது இன்னும் பல் போடாத கன்று. நடுவில் இரண்டு விழுந்து பெரிதாக முளைத்திருந்தால் இரண்டு பல்; ஏருக்குப் பழக்கலாம். அவர் சொல்லிவிட்டால் அப்புறம் அந்த மாட்டின் வயதைப் பற்றி அதைப் பெற்ற பசுவே வந்து பேசினாலும் எடுபடாது. இதற்காக ஒரு வெற்றிலைகூட யாரிடமும் அவர் வாங்கியதில்லை. அவருக்கு இருந்த ஒரே கர்வம் அந்தச் சொல்தான்.

மாட்டுப் பல்லில் கற்றதைத்தான் வீட்டிலும் ஓட்டினார். ஐந்தாம் ஜார்ஜ் ராஜா செத்த வருஷம் அவர் மகள் கண்ணாத்தாளுக்கு ஏழு வயது. முதல் பல் ஆட ஆரம்பித்தது.

"அப்பா, பல்லு ஆடுதுங்க."

"ஆடட்டும்."

"கதவுல நூலைக் கட்டி ஒரே இழுப்பா இழுத்துப்போடலாம்னு அம்மா சொல்றாங்க."

"உங்கம்மாளை மொதல்ல அவ பல்லுல கட்டிப் பாக்கச் சொல்லு."

உள்ளே பாத்திரம் ஒன்று வேண்டுமென்றே சத்தமாக வைக்கப்பட்டது. அது காளியாத்தாள்.

சென்னியப்பன் மகளை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். "கீழ பெரிய பல்லு ஒண்ணு கெளம்பி வருது சாமி. சும்மா வராது. மேல இருக்கற சின்னப் பல்லோட வேரைக் கொஞ்சங் கொஞ்சமாக் கரைச்சுக்கிட்டே வரும். வேரு தீந்துபோச்சுன்னா பல்லு ஈறுல சும்மா ஒட்டிக்கிட்டிருக்கும். அப்புறம் ஒரு நாளைக்கு நீ சோளக்கருது கடிக்கறப்ப அதுபாட்டுக்கு வந்துரும். நோவாது."

"மொதல்லயே பெரிய பல்லா மொளைச்சா என்னவாமுங்க?"

"நீ பொறந்தப்ப உன்ற தாடை இத்தனூண்டு. அதுல பெரிய பல்லு எங்க உக்காரும்? தாடை வளரும், பல்லு வளராது. அதான் சின்னது போயிப் பெருசு வருது. மூணு வருசத்துக்கு முந்தித் தச்ச சட்டைய இப்பப் போடுவியா?"

"அம்மா அதைத்தானுங்க போடச் சொல்றாங்க."

நாலாம் நாள் பல் விழுந்தது. சென்னியப்பன் அதைத் திருப்பிக் காட்டினார். அடியில் வேர் இல்லை. உமி போலக் குழிந்து கிடந்தது. கண்ணாத்தாள் அதைச் சாணியில் பொதிந்து உருட்டிக் கூரைமேல் எறிந்தாள். அந்தப் பக்கத்தில் எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான்.

அந்தச் சித்திரையில்தான் பரமத்தி வேலூரிலிருந்து மயில்சாமி ஒரு காளையை ஓட்டிக்கொண்டு சந்தைக்கு வந்தார். மயில்சாமி காளியாத்தாளின் அண்ணன். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். அந்த வருஷம் கொடியில் நோய் விழுந்து பணமுடை. அவருக்கு மணியன் என்று ஒரு மகன் உண்டு. வயது பதினாலு. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். வேலூரில் எவர் செருப்பு புளியமரத்தில் தொங்கினாலும் முதலில் அவன் முதுகைத்தான் தேடுவார்கள். இந்த விவகாரத்தில் அவனுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாததால் அவனை இத்தோடு விட்டுவிடலாம்.

காளையை வாங்க வந்தவன் ஆண்டி. ஊர் ஊராகப் பண்ணையத்தில் வேலை செய்து கடைசியில் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்குப் பிடித்தவன். அவனிடம் ஒற்றை மாடுதான் இருந்தது. மூன்று வருஷமாக இன்னொன்றுக்கு இரவல் கேட்டு அலைந்து, மழை பெய்த பத்தாம் நாள்தான் அவன் காட்டில் ஏர் இறங்கும். அதற்குள் ஈரம் போயிருக்கும். இந்த ஆடிக்காவது சொந்த ஜோடி பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் குத்தகை கைமாறிவிடும் என்ற நிலை.

"ஏனுங்க சாமி, ஏருக்கு ஆகுங்களா? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க" என்றான் சென்னியப்பனிடம்.

சென்னியப்பன் காளையின் திமிலைத் தடவினார். காலைப் பார்த்தார். வாயருகே கை போனது. போன கை அப்படியே திரும்பி வந்தது. பெண் எடுத்த வீட்டு மாட்டின் வாயைச் சந்தையில் நாலு பேர் பார்க்கத் திறப்பது, அந்த வீட்டில் போட்ட சோற்றை மோந்து பார்த்துவிட்டுச் சாப்பிடுவது மாதிரி. யாரும் செய்யமாட்டார்கள். மச்சானின் முகத்தைப் பார்த்தார். மயில்சாமி தலையை ஆட்டினார்.

"ரெண்டு பல்லு போடுது, ஆண்டி. ஆடிக்கு ஏர் பூட்டலாம்" என்றார் சென்னியப்பன்.

மயில்சாமி மடியிலிருந்து ஒரு சாணி உருண்டையை எடுத்து ஆண்டி கையில் வைத்தார். "காளை போட்ட பல்லு. உன்ற கட்டுத்தறிக் கூரை மேல எறி. மாடு நெலைக்கும்." ஆண்டி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். சாமி பிரசாதத்தைக்கூட அவன் அவ்வளவு பயபக்தியாக வாங்கியிருக்கமாட்டான்.

ஆடி வந்தது. நல்ல மழை. ஏர் பூட்டிய முதல் நாளே காளை நாலு சால் போவதற்குள் முட்டி போட்டுப் படுத்துவிட்டது. மறுநாள் கழுத்து வீங்கியது. மூன்றாம் நாள் ஆண்டி சென்னியப்பன் வாசலில் வந்து நின்றான். கோபமாகக்கூட வரவில்லை. அதுதான் கொடுமை.

"என்ற கைராசிதானுங்க சரியில்ல. மாட்டுக்கு ஏதாச்சும் சூடு கீடு போடணுமுங்களா? அப்புறம் இது ஒண்ணுங்க. மழையில கூரை மேல இருந்த சாணி கரைஞ்சு இது உருண்டு வந்து உளுந்துச்சு. எறியறப்பவே உசரமா எறிஞ்சிருக்கணுமுங்களா?"

வேட்டி முனையில் முடிந்திருந்ததை அவிழ்த்துக் காட்டினான். இரண்டு பல். சென்னியப்பன் கையில் வாங்கித் திருப்பினார். இரண்டுக்கும் அடியில் முழு வேர் இருந்தது, விரலின் ஒரு கணு நீளத்துக்கு. ஒன்றில் குறடு பிடித்த தடம்.

 ஆண்டியோடு நடந்து போய்க் காளையின் வாயைத் திறந்து பார்த்தார். நடுவில் இரண்டு பல் இடம் காலி. அந்த இடத்தில் ஈறு வழுவழுவென்று மூடிக் கிடந்தது. அடியில் எதுவும் வரவில்லை. வருவதற்கு இன்னும் ஒரு வருஷத்துக்குமேல் ஆகும். வேர் கரைவதற்கு முன்னாலேயே பிடுங்கி, பல் போட்ட காளை என்று காட்டியிருக்கிறார்கள். சாணி வேரை மறைத்தது. மரியாதை வாயை மறைத்தது.

அன்றைக்கே தன் ஜோடியில் ஒன்றை, நாலு பல் போட்ட மயிலைக்காளையை, அவிழ்த்து ஆண்டியிடம் கொடுத்தார். ஆண்டி வாங்கிய அந்தப் பல் போடாத கன்றைத் தன் கட்டுத்தறிக்கு ஓட்டி வந்தார். "நான் பாக்காமச் சொல்லிட்டேன் ஆண்டி" என்று மட்டும் சொன்னார். ஆண்டிக்குப் பாதி புரிந்தது. மீதியைக் கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் கருக்கலில் கிளம்பி பரமத்தி வேலூர் போனார். மயில்சாமி வீட்டில் இலை போட்டார்கள். சென்னியப்பன் உட்காரவில்லை. பல் இரண்டையும் இலைமேல் வைத்தார்.

மயில்சாமி பார்த்தார். அப்புறம் சிரிக்கப் பார்த்தார். "நான் என்ன பொய்யா சொன்னேன் மாப்ளே? கேட்டது ஆண்டி, சொன்னது நீ. நான் வாயே தொறக்கல. காளை வாயைத் தொறந்து பாக்க வேண்டாம்னு உன்ற கையப் புடிச்சனா?"

"புடிக்கல மச்சான்."

"கொடிக்கால் போச்சு. ஊட்டுல அடுப்பெரியோணுமில்ல? நீ சொன்னா எடுபடும்னுதான் உன்ற சந்தைக்கு ஓட்டியாந்தேன்."

அதைக் கேட்டதும்தான் சென்னியப்பனுக்கு முழுசாக விளங்கியது. யாரையோ ஏமாற்றப் போன இடத்தில் தாம் குறுக்கே வந்து மாட்டிக்கொண்டதாகத்தான் வழியெல்லாம் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். அப்படி இல்லை. இவரை நம்பித்தான் அந்தக் குறட்டையே கையில் எடுத்திருக்கிறார்கள்.

"உன்ற தங்கச்சி கையில பன்னெண்டு வருசமாத் திங்கறேன். ஒரு நாள் மோந்து பாத்ததில்ல" என்றார். திரும்பி நடந்தார். இலையில் சோறு விழவே இல்லை.

வீட்டில் காளியாத்தாள் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் கேட்டாள். "சந்தையில சொல்லப் போறீங்களா?"

"சொல்லோணும்."

"எங்கண்ணன் பேரையுமா? அப்புறம் நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பொறந்த ஊட்டு வாசலை மிதிக்கறது?"

 சென்னியப்பன் புதன்கிழமை சந்தையில், மாடு கட்டும் வேப்பமரத்தடியில் நின்று, யாரும் கேட்காமலே சொன்னார். "சித்திரையில ஆண்டி வாங்குன காளைக்கு நான் பல்லுப் பாக்காமச் சொன்னேன். பாத்தேன்னு நெனைச்சு வாங்குனான். தப்பு என்னோடது."

"ஆரு மாடுங்க அது?" என்று ஒருவர் கேட்டார்.

"வாய் தொறந்து பாக்காதவன் நானு. மாடு ஆருதா இருந்தா என்ன?"

அதற்குப் பிறகு கூப்பிட்டுக் கேட்கிறவர்கள் குறைந்தார்கள். கேட்டவர்களும் அவர் பார்த்துச் சொன்ன பிறகு, தாங்களும் ஒரு தடவை உதட்டை அழுத்திப் பார்த்துக்கொண்டார்கள். அவர் அதைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். மயில்சாமி வீட்டுக்கு அவர் அப்புறம் போகவில்லை. காளியாத்தாள் மட்டும் போய் வந்தாள். மணியன் மட்டும் வந்து போனான்.

போன சித்திரையில் கன்றுக்கு அந்தக் காலி இடத்தில் பெரிய பல் இரண்டும் எட்டிப் பார்த்தன. அதற்கு அடுத்த பல் ஒன்று இந்த வாரம் தவிட்டுத் தொட்டியில் தானாக விழுந்து கிடந்தது, வேர் இல்லாமல், உமி மாதிரி.

இதையெல்லாம் நோட்டில் எழுதி முடித்த பதினாறு வயது மணியன், நேற்றுச் சாயங்காலம் தன் மாமாவிடமே அதைப் படித்துக் காட்டினான். சென்னியப்பன் கயிறு திரித்துக்கொண்டே கேட்டார். பிரம்மதேவன் வந்த இடத்தில் சிரித்தார். மணியனுடைய அப்பன் வந்த இடத்தில் கயிற்றை நிறுத்திவிட்டு, மறுபடி திரித்தார். முடிந்ததும் கயிற்றை ஓரமாக வைத்தார்.

"நல்லாத்தான் எளுதியிருக்கற, சாமி. உங்கப்பன் ஒரு கையில ஒதட்டைப் புடிச்சு ஒரு கையில குறடு புடிச்சான், செரி. துள்ளற கன்னு. மூக்கணாங்கயித்தை ஆரு புடிச்சது?"

மணியன் நோட்டைப் பார்த்தான். அதில் அது இல்லை.

"மாசம் ஒருக்கா வேலூர்ல இருந்து கரும்புத் தோகைக் கட்டைத் தூக்கிட்டு நடந்து வர்றயே, அத்தையப் பாக்கவா? அந்தக் கன்னும் ரெண்டு வருசமா நீ தோகைய நீட்டுனா மட்டும் வாய மூடிக்கிட்டுச் செவுத்தோரமா ஒதுங்குது. மத்தவங்க குடுத்தா வாங்குது."

"மாமா..."

"சந்தையில நான் உங்கப்பன் பேரை மட்டுந்தான் சொல்லாம உட்டேன்னு நெனைச்சியா? ரெண்டு பேரை உட்டேன். நான் உட்டா நாயம். நோட்டுல நீ உட்டா எப்பிடி?"