படகு என்று படித்த நாள்

எனக்குத் திக்குவாய். சின்ன வயதிலிருந்தே 'ப'வில் தொடங்கும் சொற்கள் வாயைவிட்டு வராது. அதனால் அவற்றைச் சுற்றிக்கொண்டு போகப் பழகியிருந்தேன். பணத்தைத் துட்டு என்பேன். பஸ்ஸை வண்டி என்பேன். கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் பொருத்தும் வேலை எனக்குப் பிடித்ததே, அங்கே யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால்தான்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் முதலியார்பேட்டையில் குடியிருந்தோம். மகள் எல்.கே.ஜி. படித்தாள். நர்ஸாக இருந்த என் மனைவி அவளுக்கு ஒரு படப் புத்தகம் வாங்கி வந்தாள். ஆட்டுக்குட்டியும் தவளையும் ஆற்றில் படகோட்டிப் போகிற கதை. வழியில் முதலை துரத்தும், புயலில் படகு கவிழும், கடைசியில் ஓர் ஆமை இருவரையும் முதுகில் ஏற்றிக் கரைசேர்க்கும். பக்கத்துக்கு ஒரு படம், அடியில் ஒரு வரி. ஏறக்குறைய எல்லா வரியிலும் படகு இருந்தது.

மனைவிக்கு மாலை டூட்டி வந்த வாரம், நான் படித்துக் காட்ட வேண்டியதாயிற்று. ஓடம் என்று மாற்றிப் படித்தேன். மகள் புத்தகத்தின்மேல் கையை வைத்தாள்.

"ஓடம் இல்லப்பா. அம்மா படகுன்னுதான் படிச்சுது."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணு இல்ல. படகுன்னு படி."

முயன்றேன். உதடுகள் ஒட்டிக்கொண்டன, கழுத்து நரம்பு புடைத்தது. மற்றவர்கள் என்றால் பாதியிலேயே அந்தச் சொல்லைத் தாங்களே சொல்லி முடித்துவிடுவார்கள். அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். ஒருவழியாக 'படகு' வந்து விழுந்ததும் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அந்த வாரம் முழுக்க அப்படித்தான் படித்தோம்.

பிறகு ஒருநாள், பெற்றோர் யாராவது வகுப்புக்கு வந்து கதை படிக்கலாம் என்று பள்ளியில் சொன்னார்களாம். "எங்கப்பா வரும்" என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டே வீட்டுக்கு வந்தாள் மகள்.

"நான் லீவு போட்டுட்டுப் போறேன். நீங்க ஏன் கஷ்டப்படணும்?" என்றாள் மனைவி.

"அப்பாதான் வரணும்" என்றாள் மகள்.

"போறேன்" என்றேன். அதுவும் 'ப' வரிசைதான், வெளியே வரச் சற்று நேரம் பிடித்தது.

சனிக்கிழமை காலை. பாயில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரியில் ஆட்டுக்குட்டி துள்ளிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்துவிட்டது. இரண்டாவது வரியில் மாட்டிக்கொண்டேன்.

"ப... ப... ப... ப..."

எனக்கு வியர்த்தது. மிஸ் உதவ வாயெடுத்தார். அதற்குள், கடலோரக் குப்பத்திலிருந்து வரும் ஒரு சிறுமி பக்கத்துப் பையனிடம் நிதானமாகச் சொன்னாள்: "மோட்டார் ஸ்டார்ட் ஆவுதுடா. எங்கப்பாவோட போட்டும் இப்பிடித்தான் பண்ணும்."

அவளே மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை இழுப்பதுபோல் கையை இழுத்து, "ப ப ப ப" என்றாள். பையனும் இழுத்தான். அடுத்த நொடி வகுப்பே இழுத்தது. முதலில் என் முகம் சுட்டது. பிறகுதான் கவனித்தேன், ஒரு பிள்ளை முகத்திலும் கேலி இல்லை. எப்படியாவது அந்தப் படகு கிளம்பிவிட வேண்டும் என்று மும்முரமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"படகு" என்றேன்.

"கெளம்பிடுச்சு" என்றார்கள்.

அதன்பின் ஒவ்வொரு பக்கத்திலும் எல்லோரும் சேர்ந்து மோட்டாரைக் கிளப்பினோம். முதலை வந்ததும் நான் வாய் திறப்பதற்கு முன்பே அவசர அவசரமாகக் கயிற்றை இழுத்தார்கள். சில இடங்களில் திக்காமலே வந்த சொல்லை நானாக வேண்டுமென்றே இழுத்தேன். படகு கவிழ்ந்தபோது மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஆமை கரையேறியதும் பாயே எழுந்து குதித்தது.

"இன்னொரு வாட்டி படிங்க சார்."

இன்னொரு வாட்டி படித்தேன். சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்ற யு.கே.ஜி. மிஸ், "எங்க கிளாஸுக்கும் வர்றீங்களா சார்?" என்றார். அடுத்த வாரமே வருவதாகச் சொன்னேன்.

திக்குவாய் போய்விடவில்லை, இன்றும் இருக்கிறது. ஆனால் அன்று வீட்டுக்குத் திரும்பும்போது, ஸ்கூட்டரின் முன்னால் நின்றிருந்த மகள் கடலூர் ரோடு நெடுக எதிரே வந்தவர்களுக்கெல்லாம் கையாட்டிக்கொண்டே வந்தாள், தேர்தலில் ஜெயித்தவளைப்போல. சிக்னலில் நின்றபோது நானும் ஒரு கையை எடுத்து ஆட்டினேன்.