துரைக்குத் தொப்புள் தேடிய சனிக்கிழமை

அப்பாவும் அம்மாவும் குளியலறைத் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்து ஒரு பூனையின் தொப்புளைத் தேடினார்கள். நான் நேரில் பார்த்த முதல் வைத்தியம் அதுதான். அப்பா கையில் விளக்கெண்ணெய்ப் புட்டி, அம்மா கையில் டார்ச். பூனை சுவர் மூலையில் குறுகிக் கிடந்து இரண்டு பேரையும் பார்த்து ஒருதரம் அழுதது. பூனை கத்திக் கேட்டிருக்கிறேன். அழுது கேட்டது அன்றைக்குத்தான்.

இங்கிருந்து ஆரம்பித்தால் எங்கள் வீட்டு ஆட்களைப் பற்றித் தப்பாக நினைத்துவிடுவீர்கள். கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன்.

அம்மாவுக்கு ஒரே அக்கா. எனக்குப் பெரியம்மா. பெரியப்பா போன பிறகு டெக்சாஸில் காப்பெல் என்ற ஊரில் தனியாக ஒரு வீட்டில் இருந்தாள். பிள்ளை கிடையாது. துரை இருந்தான். மஞ்சள் நிறத்தில், நல்ல கனத்தில், யார் கூப்பிட்டாலும் யோசித்துவிட்டு வராமல் இருக்கிற பூனை. அந்த மிடுக்குக்குத்தான் அந்தப் பேர். பரம்பரையாகச் சைவ வீட்டில் பிறந்த பெரியம்மா மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல் மீன் டின் திறக்கிறாள் என்பது எங்கள் குடும்பத்தில் ரொம்ப நாள் பேசப்பட்ட செய்தி.

நான் நான்காம் வகுப்பு முடித்த கோடையில், மதுரையில் சிநேகிதி வீட்டுக் கல்யாணம் என்று பெரியம்மா ஊருக்குக் கிளம்பினாள். துரையைப் பெட்டியில் வைத்து, பக்கத்து ஊரான இர்விங்கில் எங்கள் மாடி அப்பார்ட்மென்டுக்குக் கொண்டுவந்தாள். கூடவே அவன் மலஜலம் கழிக்க மணல் பெட்டி, தண்ணீர்க் கிண்ணம், டின்கள் நிறைந்த ஒரு அட்டைப்பெட்டி.

"ரெண்டு வேளையும் டின்னுதான் குடுக்கணும். கொஞ்சம் தண்ணி விட்டுக் கரைச்சு வை. மறந்துடாதே," என்றாள்.

ஏன் என்று அவள் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

அம்மாவுக்குப் பூனை என்றாலே பயம். அந்தப் பயத்தில் அவனை மரியாதையோடுதான் நடத்தினாள். "துரை, கொஞ்சம் நகருங்க, நான் கிச்சனுக்குப் போகணும்" என்று துப்பட்டாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓரமாகப் போவாள். அப்பாவைக்கூட அவ்வளவு பணிவாக அவள் நகரச் சொன்னதில்லை. முதல் டின்னைத் திறந்த அன்று, அதன் வாடை ஹாலைத் தாண்டி சாமி அலமாரி வரைக்கும் போய்விட்டது. அம்மா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு பால்கனிக்கு ஓடினாள். அப்பா கடைக்குப் போய், மொறுமொறுவென்று காய்ந்த தீனி ஒரு மூட்டை வாங்கி வந்தார். "இதுவும் பூனைச் சாப்பாடுதானே. வாடையும் இல்லை, அனுஷ்டானமும் கெடலை," என்றார். துரை அதை மொறுமொறுவென்று தின்றான். எல்லோருக்கும் நிம்மதி.

பெரியம்மா சனிக்கிழமை காலையில் வாட்ஸப்பில் கூப்பிடுவாள். வீடியோ போட மாட்டாள். "மதுரையில நெட் சுத்த மோசம்டி. நீ துரை போட்டோ அனுப்பு" என்பாள். அப்பா அனுப்புவார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் துரை மணல் பெட்டிக்குப் போனான். உட்கார்ந்தான், எழுந்தான். சோபாவைச் சுற்றிவிட்டு மறுபடி போய் உட்கார்ந்தான். பின்காலைத் தூக்கி அடிவயிற்றை நக்கிக்கொண்டே இருந்தான். தீனியைத் தொடவில்லை.

"மலச்சிக்கல்," என்றார் அப்பா.

"சூடு," என்றாள் அம்மா. வெளியே டெக்சாஸ் வெயில் கார் கதவைத் தொட முடியாதபடி கொளுத்திக்கொண்டிருந்ததால் அம்மாவின் கட்சிக்குத்தான் பலம் அதிகம். மோர் வைத்தார்கள். துரை முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுநாள் காலையில் குளியலறை மூலைக்குள் ஒளிந்துகொண்டான்.

அந்த நேரம் பார்த்து பெரியம்மாவின் அழைப்பு. எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு, உங்கள் குடும்பத்திலும் இருக்கும். கடல் தாண்டி இருக்கிறவர்களுக்குக் கெட்ட சேதி சொல்வதில்லை. அங்கே யாராவது கீழே விழுந்தால், கட்டுப் பிரித்த பிறகுதான் இங்கே தெரியும். இங்கே வேலை போனால், அடுத்த வேலை கிடைத்த பிறகுதான் அங்கே தெரியும். இரண்டு பக்கமும் எந்நேரமும் சௌக்கியம்தான். அன்றும் அப்பா சௌக்கியம் என்றார். போன வாரம் சோபாவில் மல்லாந்து கிடந்த துரையின் படத்தைத் தேடி அனுப்பிவைத்தார். "சமத்தா இருக்கான்" என்று கீழே ஒரு வரியும் சேர்த்தார்.

அதன் பிறகுதான் விளக்கெண்ணெயும் தொப்புளும். சின்ன வயதில் அப்பாவுக்கு வயிறு பிடித்தால் தொப்புளைச் சுற்றித் தடவுவார்களாம்.

"இதுக்கு இருக்கா இல்லையான்னே தெரியலையே," என்று ரோமத்தை விலக்கினார் அப்பா.

"எல்லாத்துக்கும் இருக்கும். நல்லா தேடுங்க," என்று தூரத்திலிருந்து டார்ச் அடித்தாள் அம்மா.

அப்போதுதான் துரை அழுதான். அம்மா டார்ச்சை அணைத்தாள்.

அம்மா லாஸ் கோலினாஸில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் எழுதுகிற மென்பொருளில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டாலும், நான் பள்ளிக்கூடத்திலிருந்து மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் அவள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "நேத்து நல்லா இருந்துச்சு, இன்னிக்கு இல்லை. நடுவுல என்ன மாறுச்சு?" அன்றைக்கு அதைத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டு மணல் பெட்டிக்குப் போனாள். கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு மணலைக் கிளறினாள். வழக்கமாக ஈரத்தில் கட்டிக்கொண்ட மணல் உருண்டைகள் கிடக்கும். அன்று மணல் காய்ந்து கிடந்தது.

"என்னங்க, இது மலச்சிக்கல் இல்லை. நேத்துலேருந்து ஒரு சொட்டு யூரின் போகலை. காரை எடுங்க."

பெட்டிக்குள் போக மறுத்த துரையை அம்மாவே ஒரு டவலில் சுருட்டித் தூக்கினாள். அவள் அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை. ஃப்ரீவே முழுக்க அவனைத் தன் மடியிலேயே வைத்திருந்தாள். கண்ணை மட்டும் இறுக்க மூடிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம், பெரியம்மா துரையை வழக்கமாகக் காட்டுகிற கிளினிக் மூடியிருந்தது. அவசர மருத்துவமனையில் இருந்த டாக்டரம்மா துரையின் வயிற்றைத் தொட்டதுமே முகம் மாறினாள். உள்ளே சிறுநீர்ப்பை கல்லு மாதிரி இறுகியிருந்தது. ஆண் பூனைக்கு நீர்ப்பாதை ரொம்ப மெல்லியதாம். துகளும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் விஷம் ரத்தத்தில் ஏறும், இதயமே நின்றுவிடும் என்றாள். ஆண் பூனை முக்கி முக்கி ஒன்றும் வராமல் இருந்தால் பொழுது விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாதாம். மயக்கம் கொடுத்துக் குழாய் போட வேண்டும். அதற்குமுன் அவளுக்குத் தெரிய வேண்டியவை இருந்தன. இதற்குமுன் இப்படி வந்திருக்கிறதா? மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்களா? இதயத்தில் ஏதாவது கோளாறு?

அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வேண்டாம்," என்று தமிழில் தாழ்ந்த குரலில் சொன்னார் அப்பா. "கல்யாண வீட்டுல இருக்காங்க. எதுக்குக் கலவரப்படுத்தணும்? சரியானதும் சொல்லிக்கலாம்."

"சரியாகலைன்னா?"

அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டாள். மதுரையில் அப்போது ஊர் அடங்கிய நேரம். பெரியம்மா முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அக்கா, துரைக்கு முடியலை."

"யூரின் போகலையா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போன வருஷமும் வந்துச்சுடி. சொன்னா நீ பயந்துக்கிட்டு, வச்சுக்க மாட்டேன்னு சொல்லிருவேன்னு சொல்லலை. டின்னு குடுத்தியா? தண்ணி விட்டு?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரில் மாட்டியிருந்த நாய்ப் படத்தை உன்னிப்பாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"இல்லைக்கா. வாடை தாங்கலை. காஞ்சதுதான் குடுத்தோம்."

திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"சரி, விடு. அழாதே. டாக்டர்ட்ட சொல்லு, இவனுக்கு ஹார்ட்ல லேசா ஒரு சத்தம் இருக்கு. போன தடவை மயக்கம் குடுத்தப்ப ஒரு மருந்து ஒத்துக்கலை. பேரை மெசேஜ் பண்றேன். முதல்ல அதைச் சொல்லு."

பெரியம்மாவுக்குப் பின்னால் வேறு ஒரு பெண் குரல் கேட்டது. "பேசக் கூடாதும்மா, படுங்க."

"யாருக்கா அது?"

"கல்யாண வீடுடி. ஆயிரம் பேர் இருப்பாங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மருந்தின் பேரைப் பார்த்ததும் டாக்டரம்மா தலையாட்டிவிட்டு வேறு மருந்தை எடுத்துவரச் சொன்னாள். நல்ல வேளை கேட்டீர்கள் என்றாள். துரை சில நாள் அங்கேயே குழாயோடும் சலைனோடும் படுத்திருந்து, கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு திரும்பி வந்தான். மிடுக்கு மட்டும் குறையவில்லை.

அதன் பிறகு என் அம்மா ஆள் மாறிப்போனாள். எதிலாவது இறங்கினால் பாதியில் நிற்கிறவள் இல்லை அவள். பூனை தன் நோவை வெளியே காட்டாது, ஒளித்துக்கொள்ளும், நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். அம்மா பார்க்க ஆரம்பித்தாள். விடிந்ததும் காபிக்கு முன்னால் மணல் பெட்டி. உருண்டை இருக்கிறதா, அளவு குறைந்திருக்கிறதா? அப்புறம் கிண்ணம். நேற்று வைத்ததில் எவ்வளவு மிச்சம்? அப்புறம் துரை. ரோமத்தை நக்கிப் பளபளவென்று வைத்திருக்கிறானா, அலங்கோலமாக விட்டுவிட்டானா? உதட்டைத் தூக்கி ஈறு சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பாள். பிடரித் தோலை இரண்டு விரலால் தூக்கி விடுவாள். தண்ணீர் போதுமான அளவு குடித்திருந்தால் தோல் சட்டென்று படிந்துவிடுமாம். மூலைக்கு மூலை தண்ணீர்க் கிண்ணம் வைத்தாள். அலுவலகத்திலிருந்து வந்த லில்லிப் பூங்கொத்தை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பினாள். அந்தப் பூவின் மகரந்தம் ரோமத்தில் பட்டு, அதை நக்கினால்கூடப் பூனையின் சிறுநீரகம் போய்விடும் என்று எங்கேயோ படித்திருந்தாள்.

மீன் டின்னும் வந்தது. பால்கனியில் நின்று, மூக்கைச் சுற்றித் துப்பட்டா கட்டிக்கொண்டு, கொள்ளைக்காரி மாதிரி டின்னைத் திறந்து தண்ணீர் விட்டுக் கரைப்பாள்.

எதிர் பால்கனி ஆன்ட்டி ஒருநாள், "என்ன, நான்வெஜ் ஸ்டார்ட் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"சமையல் மட்டும்தான் ஆன்ட்டி. சாப்பிடுறது துரை," என்றாள் அம்மா.

"நகருங்க" போய் "டேய், நகருடா" வந்திருந்தது. இன்று ரவுண்ட் ராக்கில் என் வீட்டிலும் ஒரு பூனை இருக்கிறது. காபிக்கு முன்னால் மணல் பெட்டிக்குத்தான் போகிறேன். அம்மாவின் மூக்குத் துணி மட்டும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் பெரியம்மா திரும்பி வந்தாள். ஏர்போர்ட்டிலிருந்து நேராக எங்கள் வீடு. துரை அவள் காலைச் சுற்றிச் சுற்றி வந்தான். வழக்கமாக அவனை அள்ளித் தோளில் போட்டுக்கொள்கிற பெரியம்மா, சோபாவில் மெல்ல உட்கார்ந்து, பக்கத்தில் தட்டி, "நீயே ஏறி வாடா" என்றாள். எப்போதும் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருக்கிற தலை, ஏனோதானோவென்று முடிந்திருந்தது. அம்மா பரிமாறிய சாதத்தை ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, "ஃப்ளைட்ல சாப்பிட்டேன்டி" என்றாள்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். பெரியம்மாவையே பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். காலையில் துரைக்குக் கிடைக்கிற பார்வை.

"நடுவுல என்ன மாறுச்சு?"

"ஒண்ணும் இல்லையேடி. நான் சௌக்கியமாத்தான் இருக்கேன்."

"அக்கா. உள்ளே வா."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே முதலில் அம்மாவின் குரல் உயர்ந்தது. "கல்யாணமா? யாருக்குக் கல்யாணம்?" அப்புறம் பெரியம்மா அழுகிற சத்தம். அப்புறம் இருவரின் அழுகையும். துரைக்கு வந்த ஆபத்தைத்தான் அம்மா முழுசாகச் சொல்லிவிட்டாள் என்று எண்ணிக்கொண்டு நான் கதவைத் திறந்து உள்ளே போனேன். பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "டோன்ட் க்ரை பெரியம்மா, ஹீ இஸ் ஃபைன் நவ்" என்றேன். அவள் சிரிக்க ஆரம்பித்து, வலித்தது போல இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அம்மா அவசரமாக ஒரு தலையணையை எடுத்து அந்த வயிற்றோடு அணைத்து வைத்தாள்.

பெரியம்மா அன்று காப்பெலுக்குப் போகவில்லை. இலை உதிர்கிற வரைக்கும் என் அறையில் தங்கினாள். நான் ஹாலுக்கு வந்துவிட்டேன். அந்தக் கோடையில் மதுரையில், பள்ளித் தோழியான ஒரு டாக்டரிடம் யாருக்கும் சொல்லாமல் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வந்திருந்தாள் என்பது எனக்குக் கல்லூரிக்குப் போகிற வயதில்தான் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், துரைக்கு இன்னும் முழுசாகச் சரியாகவில்லை, அதனால் பெரியம்மா கூட இருக்கிறாள் என்பதுதான்.

விடிந்ததும் அம்மா மணல் பெட்டியைப் பார்ப்பாள், கிண்ணத்தைப் பார்ப்பாள். பிறகு சத்தமில்லாமல் என் அறைக் கதவைத் திறந்து நிற்பாள். கட்டிலில் பெரியம்மா தூங்கிக்கொண்டிருப்பாள், அவள் காலடியில் துரை சுருண்டிருப்பான். அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு காபி போடப் போவாள்.

பூனையைத்தான் பார்க்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.