கண்ணைக் காட்டு

கண் இமையைக் கீழே இழுத்துக் காட்டுங்கள் என்று எந்த டாக்டராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சுர்ரென்று ஏறும். அவர் பாவம், என்ன செய்வார். என் கோபமெல்லாம் என் தாய்மாமன் மேல்தான். அதைவிடப் பெரிய கோபம் என் மேல்.

எழுபதுகளின் கடைசி அது. எட்டு வயதில் நான் வெளுத்துப்போய்க் கிடந்தேன். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். யாரும் பார்க்காதபோது சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு தின்பேன். மதுரை கே.கே. நகரில் எங்கள் தெருமுனை டாக்டர் என் இமையை இழுத்துப் பார்த்தார். வயிற்றில் கொக்கிப்புழு, வெறுங்காலோடு மண்ணில் திரிந்தால் வருவது என்று சொல்லி, பூச்சி மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அம்மா அன்றைக்கே கொடுக்கத் தொடங்கினாள். இத்துனூண்டு மாத்திரை என்ன செய்துவிடும் என்ற சந்தேகம் மட்டும் வீட்டில் எல்லோருக்கும் இருந்தது.

மாமாவுக்குச் சந்தேகமே இல்லை. அவர் ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து மதுரைக்கு மீன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் லாரியை எங்கள் வாசலில் நிறுத்தினார். ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடியிருந்த ஒன்றை மூன்று பேராகத் தூக்கிவந்து கொல்லையில் மல்லாக்கப் போட்டார்கள். கடலாமை. என் தோள் உயரத்துக்கு நீளம். துடுப்புகளைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

இதைப் பிடிக்கக் கூடாதென்று சட்டம் இருக்கிறதே என்று அப்பா முணுமுணுத்தார். அவர் பள்ளிக்கூட வாத்தியார். முணுமுணுத்ததோடு அவர் கடமை முடிந்தது.

"சட்டம் உங்க கொல்லைக்குள்ள வந்து எட்டிப் பாக்கப் போகுதாக்கும்? சூடா ஒரு டம்ளர் ரத்தம் உள்ள போகட்டும் மச்சான், பிள்ளை குதிரையாட்டம் ஓடுதா இல்லையான்னு பாருங்க" என்றார் மாமா. மார்க்கெட்டில் மீனை இறக்கிவிட்டு மத்தியானம் வந்து அறுப்பதாகச் சொல்லிப் போனார்.

அந்த அரை நாளும் நான் ஆமைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நெடுநேரம் சும்மா கிடக்கும். திடீரென்று தலையைத் தூக்கி மனுஷர் போலப் பெருமூச்சு விடும். கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. அது அழுகையில்லை, உடம்பிலிருக்கும் உப்பு அப்படி வெளியேறும் என்று பல வருஷம் கழித்துப் படித்தேன். படித்தும் என் ஆத்திரம் குறையவில்லை.

கடல் இருந்தால் பிழைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றியது. மதுரையில் கடலுக்கு எங்கே போவது? அடுப்பங்கரையிலிருந்த கல்லுப்பை ஜாடியோடு எடுத்துவந்து வாளித் தண்ணீரில் கொட்டிக் கலக்கி அதன் மேல் ஊற்றினேன். அம்மா வந்து முதுகில் ஒன்று வைத்தாள். இதைக் கொண்டுபோய்க் கடலில் விடச் சொல்லு என்று அவள் காலைக் கட்டிக்கொண்டேன்.

"கூறுகெட்டவளே, உனக்காகத்தானடி அது வந்திருக்கு" என்றாள்.

அதுவாக வந்ததாம்! கயிற்றைக் கட்டிக்கொண்டு, சாக்கைப் போர்த்திக்கொண்டு, லாரி ஏறி வந்ததாம்!

மத்தியானம் அறுத்தார்கள். அது சாக நெடுநேரம் ஆனது. அதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூக்கைப் பிடித்து டம்ளரைக் கவிழ்த்தார்கள். குடித்ததில் பாதியை வாந்தி எடுத்தேன்.

ஒரு மாதத்தில் எனக்குக் கன்னம் சிவந்தது. படிகளில் ஓடி ஏறினேன். அம்மா ஒரு நாள்கூடத் தவறாமல் மாத்திரை கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அதைப் பற்றி ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். மாத்திரை செய்த வேலைக்கு ஆமை ரத்தம் பேர் வாங்கிக்கொண்டது. மாமாவின் பேர் காளவாசல் தாண்டி, பரவை வரை போனது. மூலக்காரர்கள், இளைப்புக்காரர்கள், சோகை பிடித்த பெண்கள் என்று எங்கள் வாசலில் வந்து விசாரித்தார்கள். மாமா அவர்களிடம் அதிகம் பேசமாட்டார். என்னைக் கூப்பிடுவார்.

"ஆத்தா, கண்ணைக் காட்டு."

நான் இமையைக் கீழே இழுத்துக் காட்டுவேன். செவேலென்று இருக்கும். வந்தவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, அடுத்த ஆமை எப்போது வரும் என்று கேட்பார்கள். வாராவாரம் வந்தது. எத்தனை வந்தது என்று எனக்குத் தெரியாது. அத்தனைக்கும் சாட்சி சொன்னது என் கண்.

ஒரு வாளி உப்புத் தண்ணீரோடு அழுதுகொண்டிருந்த பிள்ளைக்கு அது ஏன் புரியவில்லை என்று இப்போது என்னையே அறையலாம் போலிருக்கிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், தெருவே என்னைப் பார்க்கிறது என்பதும், காட்டி முடித்ததும் மாமா தேன்மிட்டாய் தருவார் என்பதும்தான். போகப்போக அவர் கூப்பிடக்கூடத் தேவையிருக்கவில்லை. வாசலில் புது ஆள் யாராவது வந்து நின்றால், நானே ஓடிப்போய் இமையை இழுத்துக் காட்டினேன்.