வந்துரும்காரர் வீட்டு மெயின் சுவிட்ச்

மின்சார அலுவலகத்தில் புகார் போனை எடுப்பதுதான் அவருக்கு வேலை. வெயில் காலம் வந்துவிட்டால் அந்தப் போன் ஓயவே ஓயாது. எடுத்த எடுப்பிலேயே வசவு விழும். அவருடைய அப்பா, தாத்தா வரைக்கும் போய்த் திரும்புகிறவர்களும் உண்டு. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "லைன்ல வேலை நடக்குதுங்க. வந்துரும்" என்பார். எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது, அவருக்குச் சொல்ல வேண்டிய அதிகாரிக்கும் தெரியாது. ஆனாலும் அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்கிற பக்குவத்தில், அதுவரை கத்திக்கொண்டிருந்தவர்கூட, "சரி, கொஞ்சம் பாத்து சீக்கிரம் அனுப்புங்க" என்று இறங்கி வந்துவிடுவார். ஏதோ அவர்தான் பொட்டலம் கட்டி அனுப்புகிறார் என்பது மாதிரி.

தெருவில் அவருக்கு வந்துரும்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெரியவர்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிள்ளைகள் முகத்துக்கு நேராகவே "வந்துரும் மாமா" என்று கூப்பிட்டார்கள். அவருக்கு அதில் கோபம் இல்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அவருடையது தெருவின் கடைசி வீடு. பின்சுவரை ஒட்டிய சந்து வழியாக ஆஸ்பத்திரிக்குப் போகிற லைன் ஓடியது. ஊரே இருண்டு கிடந்தாலும் அந்த லைனை மட்டும் அணைக்க மாட்டார்கள். வெயில் தொடங்கும் முன் ஒருநாள் அவர் வீட்டு ஒயர் இற்றுப்போய் அறுந்து விழுந்தது. மாற்ற வந்த லைன்மேன்கள் தங்களுக்குள் ஏதோ பேசிச் சிரித்து, "நம்ம ஆளு வீடுதானே" என்று புது ஒயரைப் பின்பக்கத்துக் கம்பத்திலிருந்து இழுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கேட்காமல் கிடைத்தது என்று மனதுக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார், அவ்வளவுதான்.

அந்தக் கோடையின் முதல் மின்வெட்டு வந்தது ஒரு மாலைநேரத்தில். தெரு முழுக்க "போச்சுடா!" என்று ஒரே சத்தம். நாற்காலியும் விசிறியுமாக ஜனங்கள் வாசலுக்கு வந்தார்கள். இவரும் பழக்க தோஷத்தில் வெளியே வந்து நின்றார். அப்போதுதான் பார்த்தார், இவர் வீட்டு டியூப்லைட் வெளிச்சம் மட்டும் வாசலைத் தாண்டித் தெருவில் விழுந்து கிடந்தது. நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்து நிற்பது போல் ஆகிவிட்டது அவருக்கு. விழுந்தடித்து உள்ளே ஓடி, சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்த மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார்.

அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது பக்கத்து வீட்டு சலூன்காரர் பனியனைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"என்னண்ணே, உங்க வீட்டுலயும் போச்சா?"

"ஆமாப்பா, போச்சு."

சலூன்காரருக்கு வாய் சும்மா இருக்குமா? மறுநாள் கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் சொன்னார். "கரண்ட் ஆபீஸ்லயே இருக்காரு. நெனைச்சா தன் வீட்டுக்கு மட்டும் ஒரு வழி பண்ணிக்க மாட்டாரா? நம்ம கூடவே உக்காந்து வேர்த்துக் கொட்டுறாரு. அந்த மனசு யாருக்குப்பா வரும்?" இந்தப் பேச்சு கைமாறிக் கைமாறி இவர் காதுக்கே வந்து சேர்ந்தது. கேட்டபோது கூசியது. ஆனால் இனித்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. வெட்கத்தில் இழுத்த சுவிட்சை அதற்குப் பிறகு அந்த நல்ல பெயருக்காக இழுக்க ஆரம்பித்தார். மனுஷனுக்கு எந்த ருசி எப்போது ஒட்டிக்கொள்ளும் என்று யார் கண்டது!

வீட்டுக்காரம்மாவுக்கு இதெல்லாம் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. தெருவில் கரண்ட் போனால் ஓடிப்போய் அணைப்பது, தெருவில் வந்ததும் உடனே போடாமல் சற்று நின்று போடுவது, "அப்பாடா, வந்துருச்சு" என்று வாசலில் நின்று நாலு பேர் காதில் விழும்படி சொல்வது. நாடகக் கம்பெனிகூட இவ்வளவு ஒத்திகை பார்த்திருக்காது.

"வெக்கம் உங்களுக்கு, வேர்வை எங்களுக்கா?" என்பாள் அவள்.

பகலில் அவர் ஆபீசில் இருக்கும்போது கரண்ட் போனால் அவள் தன் இஷ்டப்படி ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு ஃபேனைப் போட்டுக்கொள்வாள். சத்தம் வெளியே கேட்காதபடி மெதுவாகத்தான். அவளையும் ஒரு திருட்டுக்குப் பழக்கிவிட்டோம் என்பது அவருக்குத் தெரிந்தேதான் இருந்தது.

வெயில் உச்சத்துக்கு ஏறிய நேரத்தில் மகள் வந்தாள், நிறைமாதமாக. மாலையில் கரண்ட் போனதும் வழக்கம்போல இவர் மெயினை இழுத்தார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் வந்து உட்கார்ந்தாள். அவளுடைய நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியதைப் பக்கத்து வீட்டுப் பெண், சலூன்காரரின் மனைவி, பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் இடுப்பில் கைக்குழந்தை. உடம்பெல்லாம் வேர்க்குரு பூத்த பெண் குழந்தை.

மறுநாள் சலூன்காரர் ஒரு சார்ஜ் ஃபேனோடு வந்தார். சம்பாத்தியத்தில் மிச்சம் பிடித்து அந்தக் கோடைக்கென்று அவர்கள் வாங்கி வைத்திருந்தது. கரண்ட் இருக்கும்போது சார்ஜ் ஏற்றி வைத்தால், போன பிறகும் கொஞ்ச நேரம் ஓடும்.

"மகளுக்கு வச்சுக்குங்கண்ணே. மாசமா இருக்கற பொண்ணு."

"ஐயையோ, வேண்டாம்பா. உன் வீட்டுல பாப்பா இருக்கு."

"பாப்பாவுக்கென்ன? ஈரத்துணிய போட்டு ரெண்டு வீசு வீசினா தூங்கிடும். நீங்க வாங்கலைன்னா என்னை வேத்து மனுஷனா நெனைக்கிறீங்கன்னு அர்த்தம்."

இதற்கு மேல் எப்படி மறுப்பது? மறுக்க ஒரே வழி உண்மையைச் சொல்வது. அவர் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார்.  பின்னால் நின்ற மனைவி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அந்தப் பார்வைக்குப் பதில் அடியே வாங்கியிருக்கலாம் என்று தோன்றியது.

அன்று முதல் தெரு இருண்டதும், அவரே அணைத்துவிட்ட மெயின் சுவிட்சுக்குப் பக்கத்து அறையில், கைக்குழந்தைக்காரர்கள் கொடுத்த ஃபேன் அவர் மகளுக்குக் காற்று வீசியது. சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது. அவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் "வந்துரும்" என்றார். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று தினமும் நினைத்தார். கொடுத்தால் ஏன் என்று கேட்பார்களே என்று தினமும் தள்ளிப்போட்டார்.

பிறகு ஒருநாள் காலையிலேயே டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது. பகல் முழுக்க அவர் போனில் வசவு வாங்கிவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்கு வந்தார். தெருவில் இன்னும் கரண்ட் வந்திருக்கவில்லை. வந்ததும் வராததுமாக மெயினை இழுத்தார். பக்கத்து வீட்டில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. தொண்டை கம்மிப்போன அழுகை.

"மத்தியானத்துல இருந்து இப்படித்தான்," என்றாள் மனைவி. "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டு வந்தாங்க. காத்தோட்டமா வச்சுக்கங்க, அடிக்கடி பால் குடுங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம்."

"ஃபேனைத் திருப்பிக் கேக்கலையா?"

"மாசமா இருக்கற பொண்ணுகிட்ட இருந்து அவங்க எப்படிங்க கேப்பாங்க? அவங்களுக்கும் வெக்கம் இருக்காதா? நான் குடுக்கப் போனா, உங்க குட்டு உடைஞ்சிரும்னு நீங்க குதிப்பீங்க."

அவர் சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த அழுகை சற்று நேரத்தில் விட்டுவிட்டு வந்தது. பிறகு நின்றுவிட்டது.

மகள் எழுந்து உட்கார்ந்தாள். "அப்பா, ஏன் சத்தத்தையே காணோம்?"

அவர் துள்ளி எழுந்தார். ஃபேனைத் தூக்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினார்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குழந்தை பாயில் கிடந்தது. மூச்சு இருந்தது. வேகவேகமாக வயிறு ஏறி இறங்கியது. அழத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. சலூன்காரர் அட்டையால் வீசிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். இவர் ஃபேனைத் தரையில் வைத்துப் பட்டனைத் தட்டினார். அது முழு வேகத்தில் சுற்றியது. மெழுகுவர்த்தி அணைந்தது. இருட்டில், சார்ஜ் நிறைந்திருக்கிறது என்று காட்டுகிற பச்சை விளக்கு மட்டும் தெரிந்தது.

சலூன்காரர் அந்த விளக்கையே பார்த்தார். "காலையில இருந்து கரண்டே இல்லையேண்ணே. இத எங்க சார்ஜ் போட்டீங்க?"

ஆபீசில் போட்டேன் என்கிற பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நம்பியிருப்பார்கள். அந்த வீட்டில் அவர் எது சொன்னாலும் நம்புவார்கள். ஆனால் அந்த ஃபேன் எவ்வளவு நேரம் ஓடும்? அது நின்ற பிறகு? டிரான்ஸ்ஃபார்மர் இன்று வராது என்று அந்தத் தெருவில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

"எங்க வீட்டுல போட்டது," என்றார்.

"உங்க வீட்டுலயும்தானே இல்ல?"

"இருக்குப்பா. எப்பவும் இருக்கு. ஆஸ்பத்திரி லைன். நான்தான் அணைச்சு வச்சிருக்கேன்."

 சலூன்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது தெரிந்தது. அவர் மனைவிக்குத்தான் முதலில் விளங்கியது.

"எங்க பாப்பா அழுதது உங்களுக்குக் கேக்கலையாண்ணே?"

"கேட்டுச்சும்மா," என்றார். "பாப்பாவத் தூக்கிட்டு வாங்க."

அவர்கள் வெளியே வந்தபோது இவர் வீடு வெளிச்சமாக இருந்தது. மனைவி யார் சொல்லுக்கும் காத்திராமல் மெயினைப் போட்டு, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அகலத் திறந்து வைத்திருந்தாள். தெருவில் இருந்த நாற்காலிகள் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் திரும்பின. அந்த வெளிச்சத்தின் நடுவே அவர் குழந்தைக்காரர்களுக்கு முன்னால் நடந்து போனார். நான்கு எட்டு வைத்தால் வீடு. அதுவே முடியாத தூரமாக இருந்தது.

கூடத்தில் சீலிங் ஃபேனுக்குக் கீழே குழந்தையைப் போட்டார்கள். அவர் மகள் தன் தலையணையை எடுத்து அணைவாக வைத்தாள். வெகு நேரத்துக்குப் பிறகு குழந்தை பால் குடித்தது, பிறகு வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு அவர் மனைவியும் அழுதாள். அவர் வாசலுக்கு வந்து வெளியே இருட்டில் நின்றுகொண்டார். உள்ளே காற்று இருந்தது. அதில் போய் உட்கார அவருக்கு மனசு வரவில்லை.

அதற்குப் பிறகு கரண்ட் போனால் தெருவின் குழந்தைகளும் முடியாதவர்களும் அவர் வீட்டுக் கூடத்துக்கு வந்தார்கள். யாரும் சண்டை பிடிக்கவில்லை, வையவும் இல்லை. "உள்ள வரலாமா சார்?" என்று கேட்டுவிட்டு வந்தார்கள். வந்துரும்காரர் போய், மாமா போய், சார் ஆகிவிட்டார். பேசாமல் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். இத்தனை பேர் வந்து போனால் விஷயம் ஆபீசுக்குப் போகாமல் இருக்குமா? அதிகாரி கூப்பிட்டுக் கத்தினார். லைன்மேன்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து ஒயரை மறுபடி தெரு லைனுக்கே மாற்றினார்கள். அன்றைக்குச் சாயங்காலம் தெருவோடு சேர்ந்து அவர் வீடும் நிஜமாகவே இருண்டது. நாற்காலியோடு அவர் வெளியே வந்தபோது எதிர்வீட்டில் யாரோ, "மெயினை அணைச்சுட்டாரு போல," என்று சொன்னதும், அதற்கு யாரோ சிரித்ததும் காதில் விழுந்தது. இல்லை, நிஜமாகத்தான் போச்சு என்று எந்த வாயால் சொல்வது?

சலூன் பக்கம் அவர் தலைவைத்துப் படுக்கவே இல்லை. தாடி மண்டியது. ஆபீசில் கேட்டார்கள். மகளுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, "பேரப்பிள்ளையை இந்த மூஞ்சியோடயா பாக்கப் போறீங்க?" என்று மனைவி பிடரியைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பி வைத்தாள். வேறு கடை தேடிப் போக நேரமில்லை.

சலூனிலும் கரண்ட் இல்லை. பெஞ்சில் காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். எப்போதும் அவர் நுழைந்ததும், "அண்ணே, எப்ப வரும்?" என்று கேட்கிற சலூன்காரர் அன்று அதைக் கேட்கவில்லை. நாற்காலியைத் துடைத்துவிட்டார். கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டினார். பிறகு மூலையில் பெஞ்சைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்த அந்தச் சார்ஜ் ஃபேனை எடுத்து வந்து, அவர் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தார்.

"காத்து வருதாண்ணே?"

யாரும் அவரை அண்ணே என்று கூப்பிட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.  கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க முடியாமல் தலை தானாகத் தொங்கியது. சலூன்காரர் சோப்பு நுரை படிந்த விரலால் அவர் தாடையை மெல்ல உயர்த்திப் பிடித்துக்கொண்டு கத்தியை எடுத்தார்.

"தலையக் குனியாதீங்கண்ணே. வெட்டிரும்."