மஹ்விஷ் கூவிய வஞ்சிரம்

மீன் விற்கும் கோவிந்தம்மாவுக்குக் கடை கிடையாது. கூடை, தராசு, தொண்டை, அவ்வளவுதான். ராயப்பேட்டைச் சந்தில் நுழைந்து "மீனேய்" என்று ஓர் இழுப்பு இழுத்தால், மூன்றாவது மாடியில் பல் துலக்குகிறவரும் வாயில் நுரையோடு எட்டிப் பார்ப்பார். அந்தக் குரலில்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது.

முதல் மாடியில் அன்வரி பேகத்தின் மகள் மஹ்விஷ் இருந்தாள். ஜாஸ், சோல் என்று இங்கிலீஷ் பாட்டு பாடுகிறவள். ஜன்னலில் மெத்தையைச் சாத்திவைத்து, தன் முதல் ஆல்பத்தை அறையிலேயே பதிவு செய்துகொண்டிருந்தாள். மெத்தை ஆட்டோ சத்தத்தைத் தடுத்தது. கோவிந்தம்மாவிடம் தோற்றது.

ஒருநாள் காலையில் அவளே இறங்கி வந்தாள்.

"அக்கா, பாட்டுல காதலன் பிரிஞ்சு போற எடத்துல கரெக்டா நீங்க வஞ்சிரம்னு கத்துறீங்க."

"போறவன் துன்னுட்டுப் போவட்டுமே கண்ணு."

"ஆல்பம் முடியற வரைக்கும் கூவாதீங்கக்கா, ப்ளீஸ்."

"நான் கூவலன்னா எவ எறங்கி வருவா? பாட்டுக்கு நடுவுல நீ மூச்சு வுடுவ இல்ல? அப்ப வந்து நீயே கூவு."

விளையாட்டாகத்தான் சொன்னாள். மஹ்விஷ் நிஜமாகவே பால்கனிக்கு வந்தாள். முதலில் கூச்சத்தோடு கூவினாள். ஒரு பூனை மட்டும் வந்தது. பிறகு கண்ணை மூடி, அடிவயிற்றிலிருந்து எடுத்து, 'வஞ்சிரம்' என்பதை நடுவில் உடைத்து அழுவதுபோல் இறக்கினாள். கதவுகள் திறந்தன.

எதிர்வீட்டு ஜோதிலட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "இன்னாமோ துக்கமா கீது. ஒரு கிலோ போடு."

கூடை தினமும் சீக்கிரமே காலியானது. கோவிந்தம்மாவுக்குத்தான் கவலை. மஹ்விஷ் கூவினால்தான் இப்போது பெண்கள் இறங்கி வந்தார்கள். ஆல்பம் முடிந்தபிறகு தன்னை யார் கூப்பிடுவார்கள்?

ஆல்பமும் முடிந்தது. மறுநாள் கோவிந்தம்மா சந்தில் நின்று, கண்ணை மூடி, வஞ்சிரத்தை அதேபோல் நடுவில் உடைத்துப் பார்த்தாள்.

ஜோதிலட்சுமியின் ஜன்னல் திறந்தது. "இன்னா கோவிந்தம்மா, யாருக்கு இன்னா ஆச்சு? சொல்லியனுப்பக் கூடாதா?"

கோவிந்தம்மாவுக்கு வந்ததே கோபம். "மீனேய்!" என்று பழைய குரலில் ஒரு போடு போட்டாள். படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. மூன்றாவது மாடியில் நுரை தெரிந்தது. ஜோதிலட்சுமி பாத்திரத்தோடு படியிறங்கினாள்.

மெத்தை எடுத்த ஜன்னலிலிருந்து மஹ்விஷ் கயிற்றில் ஒரு பையை இறக்கினாள். "அக்கா, அரை கிலோ சங்கரா. கழுவிக் குடுங்க."

"கயிற இழுத்துக்க," என்றாள் கோவிந்தம்மா. "பாட்டுதான் முடிஞ்சிச்சு இல்ல? எறங்கி வா."