பாக்கெட்டின் முதுகு

நாயுடுபுரத்தில் நாய்த்தீனி விற்கும் அந்தக் கடைக்கார அம்மாவை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். மங்கி குல்லாவுக்கு மேலே மூக்குக்கண்ணாடியை ஏற்றி வைத்திருப்பார். அவர் அலமாரியில் எல்லாப் பாக்கெட்டும் முதுகைக் காட்டித்தான் நிற்கும்.

என் நாய் ஓயாமல் சொறிந்து, முதுகில் முடி கொட்டிப்போயிருந்தது. டாக்டர் தீனியை மாற்றிப் பார்க்கச் சொன்னார். நான் பாக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பெரிய கோழிப் படம் போட்டதை எடுத்தேன்.

அந்த அம்மா அதை வெடுக்கென்று வாங்கி மறுபடி திருப்பினார். "மொதல்ல எழுதியிருக்கதுதான் சார் உள்ள ஜாஸ்தி. வாசிங்க."

"மக்காச்சோளம்" என்று வாசித்தேன். கோழி கடைசி வரியில் இருந்தது.

"பாத்தீங்களா? இதுல கோழி இல்ல, கோழி திங்கிற தீனிதான் கெடக்கு!"

கோழி இறைச்சி முதலில் எழுதியிருந்த பாக்கெட்டைக் கையில் திணித்தார். "வெரசா மாத்திராதீங்க. பழசோட கொஞ்சங்கொஞ்சமா கலந்து போடுங்க."

முடி முளைத்ததும் சொல்லப் போனேன். அவர் சிக்கன் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்.

"இதுக்குப் பின்னாடி வாசிச்சீங்களாம்மா?" என்று மடக்கினேன்.

"வாசிச்சிட்டுத்தான் சார் திங்கிறேன். நாய்க்கு யாரு வாசிச்சுச் சொல்லுவா?"

சொல்லிவிட்டுப் பாக்கெட்டை நீட்டினார். எனக்குச் சிப்ஸ் அகப்பட்டது. தின்னுமுன் பாக்கெட்டைத் திருப்பி முதுகை வாசித்தேன்.