பொன்னேரி கேட்டில் நின்ற நீராவி ரயில்

பழவேற்காட்டுக்கு நான்கு முறை போயிருக்கிறேன், எல்லாம் பைக்கில்தான். இந்தப் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை பழைய நீராவி இன்ஜின் இழுக்கும் சுற்றுலா ரயில், அங்கிருந்து பேருந்தில் பழவேற்காடு, ஏரியில் படகு, மதியம் மீன் சாப்பாடு என்று அறிவிப்பு வந்தது. எல்லாம் சேர்த்து எண்ணூறு ரூபாய். நீராவி இன்ஜின் ஓடிப் பார்த்ததே இல்லை என்பதால் யோசிக்காமல் பதிவு செய்தேன்.

காலை ஏழரைக்குக் கிளம்பினோம். நான்கு பெட்டிகள். இப்படிப் போகிறவர்கள் வெள்ளைச் சட்டை போடாதீர்கள். ஜன்னலோரம் என்றால் கண்ணாடியும் வேண்டும். கரித்தூள் நேராகக் கண்ணுக்குத்தான் வரும். மீஞ்சூர் தாண்டும்வரை குறையே இல்லை. வயலில் நின்றவர்கள் கையசைத்தார்கள், நாங்களும் அசைத்தோம்.

பொன்னேரிக்குச் சற்று முன்னால் ஒரு லெவல் கிராசிங்கின் மேலேயே வண்டி நின்றுவிட்டது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். இன்ஜினை ஒட்டி நிலக்கரியும் தண்ணீரும் ஏற்றியிருந்த பெட்டியின் அடித்தகட்டில் ஒரு இணைப்பு விட்டுப்போயிருந்தது. ஃபயர்மேன் சாக்கைத் திணித்து மர ஆப்பு அடித்து ஒழுகலை அடக்கிவிட்டார். ஆனால் தண்ணீர் ஏற்கெனவே போய்விட்டது.

"பாய்லர்ல இருக்கறது மட்டும்தான் மிச்சம். அதுவும் குறைஞ்சா பாய்லர் வெடிச்சிடும், நெருப்பை இழுத்துக் கொட்டிடணும். வேற வழியில்லை" என்றார் டிரைவர். ஐம்பது வயதிருக்கும், தலையில் கறுப்புத் துணி கட்டியிருந்தார். தண்ணீர் நிரப்பத் தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாயிற்று, வர முக்கால் மணி நேரமாகும், அசையாமல் நின்றால் அதுவரை தாங்கும் என்றார்கள்.

அப்போதுதான் மூடிய கேட்டுக்கு வெளியே நின்ற தண்ணீர் லாரியை எல்லோரும் பார்த்தோம். ஒரு நொடியில் எங்கள் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ரயிலோடு வந்த அதிகாரி லாரியிடம் போனார், பின்னாலேயே நாங்கள் இருபது பேர். லாரி டிரைவருக்குப் பக்கத்து சீட்டிலிருந்து ஒரு பெண் இறங்கினார். பெயர் தேசம்மா, பழவேற்காட்டுக்கு முன்னால் ஏரிக்கரைக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவர்.

"இன்னா சார், இதுக்கா தண்ணி? இது குடிக்கற தண்ணி. எங்கூட்டாண்ட போர் போட்டா உப்புதான் வருது. ரெண்டு நாளா லாரி வர்ல. குடத்த வெச்சினு குந்தினு கீறாங்க எல்லாம்."

"பாதி குடுத்தா போதும்மா. அரை மணி நேரத்துல உங்களுக்கு வேற லாரி ஏற்பாடு பண்றோம்" என்றார் அதிகாரி பணிவாகவே.

"போன வாட்டியும் இப்டிதான் சொன்னாங்க. லாரி கல்யாண மண்டபத்துக்குப் போயிட்ச்சு. அதனாலதான் நானே கூட வந்துனு கீறேன். குடுக்க மாட்டேன் சார்."

கேமரா வைத்திருந்த ஒருவர், குழந்தைகள் எவ்வளவு ஆசையாக வந்திருக்கிறார்கள் என்றார். "எங்கூட்லயும் புள்ளைங்க கீது" என்று சொல்லிவிட்டு, தேசம்மா லாரியின் பின்பக்கக் குழாயின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் அவர் கொடுத்துவிட மாட்டாரா என்றுதான் எனக்கும் மனம் அடித்துக்கொண்டது.

இன்ஜினிலிருந்து டிரைவர் இறங்கி வந்தார். லாரியைப் பார்த்தார், பிறகு கேட்டை.

"சார், வண்டி நீளத்துக்கு நகர்த்தற அளவுக்கு ஸ்டீம் இருக்கு. கேட்டைத் தாண்டி நிறுத்திடறேன். லாரி போயிடும்."

"நகர்த்தினா இருக்கற தண்ணியும் போயிடுமே. அப்படியே நின்னு, ஃபயர் சர்வீஸ் வந்து நிரப்பினா கும்மிடிப்பூண்டி போயிடலாம்ல?"

"போயிடலாம் சார். ஆனா முக்கால் மணி நேரம் இந்தக் கேட்டும் திறக்காது."

அதிகாரி செல்போனை எடுத்தார். "சரி, நகர்த்துங்க. நான் எலக்ட்ரிக் இன்ஜின் கேட்கறேன்" என்றார்.

எங்களை ஏற்றிக்கொள்ளவில்லை. விசிலுக்குக்கூட நீராவியைச் செலவழிக்கவில்லை; ஃபயர்மேன் முன்னால் நடந்து, கையைக் காட்டித் தண்டவாளத்திலிருந்து ஆட்களை விலக்கினார். இன்ஜின் ஒருமுறை சறுக்கியது, பிறகு பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு பெட்டியாகக் கேட்டைக் கடந்தது. கடைசிப் பெட்டி தாண்டியதும் நின்றது. உடனே நெருப்பை இழுத்துக் கொட்டினார்கள். ஜல்லிக்கல் மேல் செக்கச்செவேலென்று கங்கு கிடந்தது. எனக்குப் பின்னால் ஒரு சிறுமி அழுதாள். அவள் அப்பாவுக்கும் முகம் சரியில்லை.

கேட் திறந்தது. எப்படியும் பழவேற்காடு போகத்தானே வந்தோம் என்று லாரியில் இடம் கேட்டேன். "ஏறு சார், தண்ணிய கேக்காத" என்றார் தேசம்மா. அவரே முதலில் சிரித்துவிட்டார்.

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு பதினெட்டு கிலோமீட்டர். குப்பத்துக்குள் நுழையும்போதே குடங்கள் லாரிக்கு முன்னால் ஓடி வந்தன என்றுதான் சொல்ல வேண்டும், தூக்கி வந்தவர்கள் தெரியாத அளவுக்குக் கூட்டம். வலை காயப்போட்டிருந்தவர்களும் விட்டுவிட்டு வந்தார்கள். தொட்டி காலியாக அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கடைசியாகத் தன் குடத்தை நிரப்பியபோது தேசம்மா என் பக்கம் திரும்பினார்.

"அந்த டிரைவருக்கு ஒரு சொம்பு குடுக்காம வந்துட்டேன் பாரு. நெருப்பாண்ட நின்னுனு இருந்தாரு. உன் பாட்டல இப்டி குடு."

நிரப்பிக் கொடுத்தார். படகுச் சவாரியை விட்டுவிட்டு அடுத்த பேருந்தில் பொன்னேரி திரும்பினேன். உங்களுக்கும் அந்த வழியைத்தான் சொல்வேன்: மின்சார ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பேருந்து; காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் ஏரியைச் சுற்றிவிடலாம். நீராவி ரயில் மறுபடி அறிவித்தால் அதிலும் போங்கள், நானும் போவேன். அன்றைக்கு வேறு வேலை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்ஜினை ஸ்டேஷனில் ஓரத்துத் தண்டவாளத்தில் நிறுத்தியிருந்தார்கள். டிரைவர் அதன் நிழலில் உட்கார்ந்திருந்தார். பாட்டிலைக் கொடுத்து, லாரியில் வந்த அம்மா கொடுத்தனுப்பினார் என்றேன். அண்ணாந்து பாதிக்கு மேல் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி எல்லாருக்கும் பத்துச்சா?" என்று கேட்டார்.

பத்துச்சு என்றேன்.